கோடு போட்ட கூடைப்பந்து: செண்டா பெரென்சன் ஏன் தளத்தை மூன்றாகப் பிரித்தார்?

1968-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பள்ளி மாணவிகளுக்கான கூடைப்பந்து இறுதி ஆட்டம். எவர்லி பள்ளிக்காக ஆடிய ஜெனட் ஓல்சன் தனியாளாக 76 புள்ளி எடுத்தார். எதிரணியான யூனியன்-விட்டன் பள்ளியின் டெனிஸ் லாங் எடுத்தது 64. ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய், கடைசியில் 113-107 என்று யூனியன்-விட்டன் ஜெயித்தது.

இவ்வளவு புள்ளி குவித்த இருவரும் அந்த ஆட்டத்தில் ஒருமுறைகூட நடுக்கோட்டைத் தாண்டவில்லை. தாண்டவும் கூடாது. தளத்தில் நின்ற 12 பேரில் ஆறு பேருக்குக் கூடையை நோக்கிப் பந்தை எறியவே அனுமதி கிடையாது.

இன்றைக்குக் கூடைப்பந்து பார்க்கிறவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். விளக்கம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "அந்தக் காலத்தில் பெண்கள் பலவீனமானவர்கள் என்று நினைத்தார்கள், அதனால் சுலபமான விதி வைத்தார்கள்." இதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள, லிதுவேனியாவில் பிறந்த ஒரு பெண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் பெயர் செண்டா பெரென்சன். கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நைஸ்மித்தைத் தெரிந்த பலருக்கும் இவரைத் தெரியாது.

கிளித்தட்டும் கான்கிரீட் சட்டியும்

முதலில் கோட்டைப் பற்றி. கிளித்தட்டு ஆடியவர்களுக்குக் கோடு என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. தட்டைக் காக்கிறவர் தன் கோட்டின் மேலேயே அங்குமிங்கும் ஓடலாம். கோட்டை விட்டு இறங்கித் துரத்த முடியாது. அவர் எவ்வளவு பெரிய ஓட்டக்காரராக இருந்தாலும் அந்தக் கோட்டுக்குள்தான் அவர் வேகம் செல்லும்.

இன்னொரு காட்சி. வீட்டுக்கு மேல்தளம் போடும் நாள். கலவை இயந்திரம் கீழே ஓடுகிறது, சித்தாள்கள் சாரப் பலகையில் வரிசையாக நின்று கான்கிரீட் சட்டியைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே அனுப்புகிறார்கள். வரிசையில் ஒருவர் மிகத் திறமைசாலி என்பதற்காக அவரே எல்லாச் சட்டியையும் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடுவதில்லை. அவர் இடத்தில் அவர் நிற்கிறார், சட்டிதான் நகர்கிறது. வரிசையில் ஒருவர் தடுமாறினாலும் மொத்த வேலையும் நிற்கும்.

பெரென்சன் செய்தது கிட்டத்தட்ட இதுதான். ஆட்கள் ஓடும் ஆட்டத்தை, பந்து ஓடும் ஆட்டமாக மாற்றினார்.

நார்தாம்ப்டனில் ஒரு ஜிம்

செண்டா 1868-இல், அன்று ரஷ்யப் பேரரசுக்கு உட்பட்டிருந்த லிதுவேனியாவின் புட்ரிமோனிஸ் என்ற சிற்றூரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1875-இல் குடும்பம் பாஸ்டன் நகருக்குக் குடிபெயர்ந்தது. அண்ணன் பெர்னார்டு பெரென்சன் பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற கலை வரலாற்று அறிஞர் ஆனார். இன்றும் தேடினால் அண்ணன்தான் முதலில் வந்து நிற்பார். தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே உடம்பு சரியில்லை. பியானோ கற்றுக்கொண்டார், முதுகு ஒத்துழைக்காததால் அதைத் தொடர முடியவில்லை. உடம்பைத் தேற்றிக்கொள்வதற்காகத்தான் 1890-இல் பாஸ்டனில் இருந்த ஓர் உடற்பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தார். சிகிச்சைக்குப் போனவர் ஆசிரியையாக வெளியே வந்தார்.

1892 ஜனவரியில் மாசச்சூசெட்ஸ் மாநிலம் நார்தாம்ப்டனில் உள்ள ஸ்மித் பெண்கள் கல்லூரியில் உடற்பயிற்சி ஆசிரியை வேலை. அங்கே அவருக்கு இருந்த சிக்கல், எந்த பி.டி. ஆசிரியரும் அறிந்த சிக்கல்தான்: மாணவிகளுக்கு டிரில் பிடிக்கவில்லை. கையைத் தூக்கு, இறக்கு, திரும்பு என்று வரிசையில் நின்று செய்யும் பயிற்சியில் யாருக்கு உற்சாகம் வரும்?

அப்போது ஒரு பத்திரிகையில் நைஸ்மித்தின் புதிய விளையாட்டைப் பற்றிப் படிக்கிறார். நார்தாம்ப்டனிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஸ்பிரிங்ஃபீல்டில், 1891 டிசம்பரில்தான் அந்த விளையாட்டே பிறந்திருந்தது. ஜிம்முக்குள் பீச் பழக்கூடைகளை 10 அடி உயரத்தில் பால்கனிக் கம்பியில் அடித்து, பந்தை அதில் போடு என்றார் நைஸ்மித். பால்கனி அந்த உயரத்தில் இருந்தது, அதனால் கூடையும் அந்த உயரம். வேறு பெரிய ஆராய்ச்சி எதுவும் இல்லை.

ஆக, பெண்கள் கூடைப்பந்துக்கு வந்தது ரொம்பப் பின்னால் என்ற எண்ணம் தப்பு. விளையாட்டுக்கு ஒரு வயது ஆவதற்குள் பெண்கள் ஆடத் தொடங்கிவிட்டார்கள். ஸ்பிரிங்ஃபீல்டிலேயே பள்ளி ஆசிரியைகள் சிலர் ஆடிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவரான மாட் ஷெர்மனை நைஸ்மித் பிறகு திருமணமே செய்துகொண்டார்.

ஸ்மித் கல்லூரியில் 1893 மார்ச்சில் முதலாமாண்டுக்கும் இரண்டாமாண்டுக்கும் போட்டி வைத்தார் பெரென்சன். பார்வையாளர்களாக ஆண்களுக்கு அனுமதி இல்லை. மாணவிகள் புளூமர் என்ற தொளதொளப்பான காற்சட்டையில் ஆடினார்கள். ஆண்களை வெளியே நிறுத்தியதற்கு அந்த உடையும் ஒரு காரணம். ஆட்டத்தைத் தொடங்கப் பெரென்சனே பந்தை மேலே எறிந்தார். எறிந்த வேகத்தில் அவர் கை, பந்தைப் பிடிக்கத் தூக்கியிருந்த முதலாமாண்டு மாணவியின் கையில் பட்டு, அந்தப் பெண்ணின் தோள்பட்டை நழுவிவிட்டது. ஆட்டம் இன்னும் தொடங்கக்கூட இல்லை! உள்ளே அழைத்துப்போய்த் தோளைச் சரிசெய்தார்கள், மாற்று ஆள் வந்தார், ஆட்டம் நடந்தது. 5-4 என்று இரண்டாமாண்டு ஜெயித்தது.

இதுவரை பார்த்தது: ஆண்களுக்காக உருவான விளையாட்டு, சில மாதங்களிலேயே பெண்கள் கல்லூரிக்குள் வந்துவிட்டது. கொண்டுவந்தவர் டிரில்லுக்கு மாற்று தேடிய ஓர் ஆசிரியை. இனி கோட்டுக்கு வருவோம்.

கோடு எப்படி வேலை செய்கிறது?

நைஸ்மித்தின் ஆரம்ப விதிகளில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக் கூடாது, இடிக்கக் கூடாது, பிடித்துத் தள்ளக் கூடாது. எல்லாம் சரி. ஆனால் அணிக்கு ஒன்பது பேர் வீதம் 18 பேர் ஒரு சின்ன ஜிம்முக்குள், ஒரே பந்தின் பின்னால். பள்ளி இடைவேளையில் சின்னப் பிள்ளைகள் கால்பந்து ஆடுவதைப் பார்த்தால் புரியும். பந்து எங்கேயோ அங்கே மொத்தக் கூட்டமும் தேனீ மாதிரி மொய்க்கும். ஆண்களின் ஆட்டம் அன்று அப்படித்தான் இருந்தது, கைகலப்புக்கும் பஞ்சமில்லை.

பெரென்சன் தளத்தின் குறுக்கே இரண்டு கோடுகள் போட்டு அதை மூன்று பகுதிகளாக்கினார். எதிரணிக் கூடையருகே நின்று புள்ளி எடுக்கிறவர்கள் ஒரு பகுதி. இவர்களைத்தான் ஃபார்வர்ட் என்கிறோம். தன் கூடையைக் காக்கிறவர்கள் இன்னொரு பகுதி, இவர்கள் கார்டுகள். நடுவில் நிற்கிறவர்கள் சென்டர்கள். ஆட்டம் முழுக்க யாரும் தன் பகுதியை விட்டு வெளியே போகக் கூடாது.

அணிக்கு ஒன்பது பேர் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பகுதியிலும் என் ஆட்கள் மூவர், உன் ஆட்கள் மூவர். ஆக, பந்தைச் சுற்றி எந்த நேரத்திலும் அதிகபட்சம் ஆறு பேர்தான் மொய்க்க முடியும். 18 ஆறாகிவிட்டது. நெரிசல் குறைந்தால் இடியும் குறைகிறது.

அப்புறம், கார்டிடம் இருக்கும் பந்து எதிர்க்கூடையை எட்ட வேண்டுமென்றால் குறைந்தது இரண்டு முறையாவது கைமாற வேண்டும்: கார்டிலிருந்து சென்டருக்கு, சென்டரிலிருந்து ஃபார்வர்டுக்கு. வேகமான ஒருத்தி பந்தை எடுத்துக்கொண்டு ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பாய்வது நடக்காது. கான்கிரீட் சட்டி மாதிரிதான். பெரென்சனுக்கு இது முக்கியமான நோக்கம். ஒரு நட்சத்திரம் மட்டும் ஆடி மற்றவர்கள் நின்று வேடிக்கை பார்க்கும் ஆட்டம் அவருக்குப் பிடிக்கவில்லை. தளத்தில் நிற்கும் ஒவ்வொருத்திக்கும் வேலை இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்.

ஒரு விதி இன்னொன்றைக் கூப்பிடும்

கோட்டோடு நிற்கவில்லை. கையில் இருக்கும் பந்தைப் பிடுங்கக் கூடாது என்றார். இழுபறியில்தான் நகக்கீறலும் தலைமுடி இழுப்பும் வரும் என்பது ஆடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் பிடுங்கக் கூடாது என்றால் புதுச் சிக்கல் வருகிறதே. முன்னணியில் இருக்கிற அணி பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றுவிட்டால்? அதனால் மூன்று வினாடிக்கு மேல் பந்தை வைத்திருக்கக் கூடாது. சரி, மூன்று வினாடியைத் தவிர்க்கப் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே இருந்தால்? பந்தைத் தரையில் தட்டித் தட்டி நகர்வதை டிரிப்ளிங் என்பார்கள். அதற்கும் வரம்பு: மூன்று தட்டுக்கு மேல் கூடாது.

இந்த விதிகளைத் தனித்தனியாகப் படித்தால் ஆசிரியையின் கெடுபிடி மாதிரி இருக்கும். சேர்த்துப் படித்தால் கடிகாரத்தின் பல்சக்கரங்கள். ஒன்றைக் கழற்றினால் மற்றது சுற்றாது.

வெவ்வேறு ஊர்களில் ஆளுக்கொரு விதியாக ஆடிக்கொண்டிருந்தார்கள். நியூ ஆர்லியன்ஸில் கிளாரா பேயர் என்ற ஆசிரியை 1895-இல் தனி விதிப்புத்தகமே போட்டார். அவர் தளத்தை இன்னும் நுணுக்கிப் பல கட்டங்களாக்கினார். இதற்கிடையே 1896 ஏப்ரலில் ஸ்டான்ஃபோர்டு, பெர்க்லி பல்கலைக்கழக மாணவிகள் சான் ஃபிரான்சிஸ்கோவில் மோதினார்கள். அமெரிக்காவில் இரண்டு பல்கலைக்கழகங்களின் பெண்கள் அணிகள் மோதிய முதல் கூடைப்பந்து ஆட்டம் அதுதான். ஸ்கோர் 2-1, வென்றது ஸ்டான்ஃபோர்டு. 1899-இல் ஸ்பிரிங்ஃபீல்டில் கூடிய ஒரு மாநாடு இந்த விதிக் குழப்பத்துக்கு முடிவுகட்ட ஒரு குழு அமைத்தது. அதன் பலனாகப் பெரென்சனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1901-இல் பெண்களுக்கான விதிப்புத்தகம் அச்சில் வந்தது. 1905 முதல் 1917 வரை பெண்கள் விதிக்குழுவுக்கு அவர்தான் தலைவர்.

சுருக்கமாக: கோடு நெரிசலைக் குறைத்தது, பந்தைக் கைமாற வைத்தது. பிடுங்கத் தடை, மூன்று வினாடி, மூன்று தட்டு ஆகியவை கோட்டுக்கு முட்டுக்கொடுத்தன.

பலவீனம் என்பதால்தானா?

இங்கேதான் பேச்சு வழுக்கும். அன்றைய மருத்துவம் பெண்களைப் பற்றி என்ன நினைத்தது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் இருந்த எட்வர்டு கிளார்க் 1873-இல் வாதிட்டது இது: பெண்கள் ஆண்களைப் போல மூளைக்கு வேலை கொடுத்துப் படித்தால் அவர்களின் கருப்பைக்குக் கேடு. படித்தாலே இந்தப் பேச்சு என்றால், ஓடிக் குதித்தால்? கல்லூரிக்குப் பெண்ணை அனுப்பிய அப்பாவுக்கும், கல்லூரித் தலைவருக்கும், உள்ளூர் டாக்டருக்கும் ஒரே கவலை. ஒரு மாணவி மயங்கி விழுந்தால் போதும், ஜிம்மைப் பூட்டிவிடுவார்கள்.

அந்தச் சூழலில் வைத்துப் பார்த்தால் கோடு ஒரு பேரம். "இவ்வளவு தூரம்தான் ஓடுவார்கள், முட்டிக்கொள்ள மாட்டார்கள், பெண்மைக்குப் பங்கம் வராது" என்று வெளியே சொல்லி, உள்ளே மாணவிகளை வியர்க்க வியர்க்க ஆட விட்டார் பெரென்சன். பெண்களுக்கு இனி வேலையிலும் பொதுவாழ்விலும் இடம் கிடைக்கப்போகிறது, அதற்கு உடல் வலுவும் மன உறுதியும் தேவை என்பது அவர் எழுத்தில் திரும்பத் திரும்ப வருகிறது.

அதற்காக அவரைப் புரட்சிக்காரியாக்கிவிடவும் எனக்கு மனமில்லை. கல்லூரிக்குக் கல்லூரி போட்டி என்பதையே அவர் விரும்பவில்லை. ஸ்மித் மாணவிகள் தங்களுக்குள் வகுப்புக்கு வகுப்பு ஆடினார்கள், அவ்வளவுதான். பெண்கள் ஆண்களைப் போல முரட்டுத்தனமாக ஆடினால் அசிங்கம் என்று உண்மையிலேயே நம்பினார். பேரம் பேசியவரும் அவர்தான், பேரத்தின் ஒரு பகுதியை மனதார ஏற்றுக்கொண்டவரும் அவர்தான்.

இரண்டு பக்கக் கோடு

பேரத்துக்காகப் போட்ட கோடு அந்தச் சூழல் மாறிய பிறகும் அழியவில்லை. 1911-இல் பெரென்சன் ஸ்மித் கல்லூரி ஆங்கிலப் பேராசிரியர் ஹெர்பர்ட் அபட்டை மணந்துகொண்டு அந்த வேலையிலிருந்து விலகிவிட்டார். கோடு விலகவில்லை. 1938-இல் மூன்று பகுதிகள் இரண்டாயின. அணிக்கு ஆறு பேர்: மூன்று ஃபார்வர்ட், மூன்று கார்டு. கோட்டுக்கு அந்தப் பக்கம் மூன்றுக்கு மூன்று, இந்தப் பக்கம் மூன்றுக்கு மூன்று. இதுதான் நாம் தொடக்கத்தில் பார்த்த 'ஆறுக்கு ஆறு' ஆட்டம்.

அயோவாவின் சிற்றூர்களில் இது திருவிழா. 1925-இல் மாணவிகளுக்கான போட்டிகளையே நிறுத்திவிடலாம் என்று பேச்சு வந்தபோது, சின்ன ஊர்ப் பள்ளி நிர்வாகிகள் பிரிந்து வந்து பெண்களுக்கென்று தனிச் சங்கம் தொடங்கினார்கள். கோடு போட்ட ஆட்டத்தைக் 'கட்டுப்பாடு' என்று மட்டும் சொல்லிவிட முடியாது என்பதற்கு அயோவா ஒரு சாட்சி. மாநிலத்தின் பேச்சே அந்தப் பெண்கள்தான்.

ஆனால் கார்டாக ஆடியவர்களின் நிலை வேறு. பள்ளி முழுக்க ஒருமுறைகூடக் கூடைக்கு எறியாத பெண், ஐந்துக்கு ஐந்து ஆடும் கல்லூரி அணியில் எப்படி இடம் பிடிப்பாள்? டென்னசி மாநிலத்தில் ஒரு கார்டு மாணவி இதே கேள்வியோடு நீதிமன்றம் போனாள். 1976-இல் கீழ்நீதிமன்றம் அவள் பக்கம் நின்றது. அடுத்த ஆண்டு மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறிப்போனது.

பெரியவர்களுக்கான ஆட்டத்தில் 1971-இல் ஐந்து பேர், முழுத் தளம் என்ற விதி நிலைபெற்றது. பள்ளிகளில் அயோவா 1993 வரையும், ஓக்லஹோமா 1995 வரையும் கோட்டை விடவில்லை.

1985-இல் மூன்று பெண்கள்

ஸ்பிரிங்ஃபீல்டில் நைஸ்மித் பெயரில் இருக்கும் கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில் 1985-இல்தான் முதன்முதலாகப் பெண்கள் இடம்பெற்றார்கள். செண்டா பெரென்சன், பெர்த்தா டீக், மார்கரெட் வேட். பெரென்சன் 1954-இலேயே கலிஃபோர்னியாவில் இறந்துவிட்டிருந்தார்.

மார்கரெட் வேடின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். 1930-களின் தொடக்கத்தில் மிசிசிப்பியின் டெல்டா ஸ்டேட் கல்லூரியில் அவர் ஆடிக்கொண்டிருந்தார். 1932-இல் இளம்பெண்களுக்கு இது கடினமான விளையாட்டு என்று சொல்லி நிர்வாகம் அணியைக் கலைத்தது. பெண்கள் அழுதார்கள், தங்கள் சீருடைகளை எரித்தார்கள். பெரென்சன் பேரம் பேசி அடக்கி வைத்த அதே வாதம், நாற்பது ஆண்டுக்குப் பின்னும் உயிரோடு இருந்தது. 1973-இல் அதே கல்லூரி அணியை மீண்டும் தொடங்கியபோது பயிற்சியாளராக வந்தவர் மார்கரெட் வேட். 1975, 76, 77 என்று மூன்று ஆண்டு தொடர்ந்து தேசிய பட்டம். அந்த அணியின் தூண், லூசியா ஹாரிஸ் என்ற கறுப்பினப் பெண். பெண்கள் கூடைப்பந்து முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்ற 1976 மாண்ட்ரீயலில், முதல் கூடையைப் போட்டவர் அவர்.

வலைப்பந்தில் இன்னும் இருக்கும் கோடு

கோடு அமெரிக்காவில் அழிந்தது. கடல் தாண்டிப் போனது அழியவில்லை. 1890-களில் கூடைப்பந்து இங்கிலாந்தின் பெண்கள் உடற்பயிற்சிக் கல்லூரி ஒன்றை எட்டி, அங்கே தனிப்பாதையில் வளர்ந்து நெட்பால் ஆனது. பிரிட்டிஷ் ஆட்சி போன இடமெல்லாம் அதுவும் போனது. இலங்கையில் அதை வலைப்பந்து என்கிறார்கள். பெரென்சனின் ஆட்டத்துக்கு இதை நேர்மகள் என்று சொல்ல முடியாது, ஒன்றுவிட்ட தங்கை என்று சொல்லலாம். சாயல் அப்படியே இருக்கிறது: மூன்று பகுதித் தளம், மூன்று வினாடி, டிரிப்ளிங்குக்கு இடமில்லை, ஆளுக்கு ஓர் எல்லை. யார் எந்தப் பகுதிக்குள் போகலாம் என்று மேலங்கியில் ஒட்டிய எழுத்தே சொல்லிவிடும்.

யாழ்ப்பாணத்தின் தர்ஜினி சிவலிங்கம் 2018-இல் ஆசிய சாம்பியனான இலங்கை அணிக்கு ஆடியபோது அவர் மேலங்கியில் இருந்தவை ஜி.எஸ். என்ற எழுத்துகள், கோல் ஷூட்டர். 208 சென்டிமீட்டர் உயரம். அவர் குறிவைக்கும் வளையம், நைஸ்மித்தின் பால்கனிக் கம்பி இருந்த அதே 10 அடியில் இருக்கிறது. கையை உயர்த்திப் பந்துக்காகக் காத்திருப்பார். பந்து மூன்று பகுதிகளையும் கடந்து, கைமாறிக் கைமாறி அவரிடம் வரும். தன் பகுதியின் கோட்டைத் தாண்டி அவர் ஓரடி வைத்தாலும் நடுவர் விசில் ஊதிவிடுவார்.